கொழுப்பும் தசமஸ்தானமும்

சென்ற வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், பால் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த பரிசாரகர் என் இலையில் ஒரு கரண்டி வார்த்துவிட்டு அடுத்த இலையின் பக்கம் திரும்பிய சமயத்தில், அந்த இலைக்கு உரியவரும் என் மகளின் மாமனாருமாகிய சம்பந்தி அவர்கள் தமது இடது கையைக் குறுக்கே நீட்டித் தடுத்து, "வேண்டாம்ப்பா, இப்பத்தான் விசெரல் ஃபேட் ஒன்பதுக்கு வந்திருக்கு" என்று, வாளிக்காரருக்கு மட்டுமின்றி எதிர் வரிசையில் ரசம் சாதத்தில் ஈடுபட்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படி பிரகடனம் செய்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. என் இலையில் ஓடிக்கொண்டிருந்த பாயசத்தையும், அதற்குப் பின்னால் இருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எவ்வளவு சம்பந்தி?" என்று கேட்டார். பெண்ணைக் கொடுத்தவன் பந்தியில் எதிர்த்துப் பேசுவது நம் சம்பிரதாயத்தில் கிடையாது. ஆகையால் "பதினாறு" என்று உண்மையைச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். என் மகளைத் தம் வீட்டுக்கு எடுத்துக்கொண்ட காலத்தில் இந்த விவரத்தை விசாரிக்காமல் விட்டோமே என்ற பச்சாத்தாபம் அந்தப் பெருமூச்சில் தொனித்ததாக எனக்குப் பட்டது.

அவர் ஒருவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை வேளையில் சுற்றி வருகிற என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களின் சம்பாஷணை, முன்னெல்லாம் அகவிலைப்படியில் தொடங்கி, முழங்கால் வழியாக, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் நன்றிகெட்டதனத்தில் போய் முடிவது வழக்கம். இப்பொழுது தொடக்கமும் முடிவும் சதவீதமாகவே இருக்கின்றன. ஒருவர் தமது எலும்புத் தசை இத்தனை கிலோ என்கிறார். மற்றவர் தமது இடது காலில் வலது காலைவிட நூறு கிராம் தசை கம்மி என்று சொல்லி, அந்த நூறு கிராமைத் தேடுகிறவராகக் குனிந்து பார்க்கிறார். இதைப் படித்துச் சிரிக்கும் தாங்களும் இந்த எண்களை யந்திரம் அச்சடித்துத் தருகிற காகிதத்தை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். எடுத்துக் காட்ட வேண்டாம். நான் கேட்கவில்லை.

நிற்க. நான் பேனாவை எடுத்ததன் முக்கிய நோக்கம் வேறு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கத்தார், கழிவுநீர் மோட்டாரைப் பழுது பார்ப்பதற்கென்று வீட்டுக்கு வீடு வசூலித்த தொகையிலிருந்து உடம்பின் கொழுப்பை அளக்கும் இந்த யந்திரத்தை எந்தத் தீர்மானத்தின் பேரில், யாருடைய அனுமதியோடு வாங்கினார்கள் என்பதையும், அது சங்க விதிகளுக்கு எவ்விதம் முரணானது என்பதையும் தக்க ஆதாரங்களுடன் எடுத்துக் காட்டுவதே என் உத்தேசம். உத்தியோக காலம் முழுவதையும் மத்திய அரசின் தணிக்கை இலாகாவில் கழித்தவனுக்கு இது ஒரு பெரிய காரியமல்ல. அதற்கு முன்னதாக யந்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சங்கத்து ஹாலில், காரம் போர்டு இருந்த இடத்தில் அது இப்போது நிற்கிறது. ஏறி நிற்பதற்கு ஒரு பீடம். பிடித்துக்கொள்வதற்கு இரு புறமும் கைப்பிடிகள். முகத்துக்கு நேரே ஒரு திரை. அதை இயக்குவதற்காக ஞாயிறுதோறும் வரும் பையன், தன் தேகத்தை எந்த யந்திரமும் இன்றியே எல்லோரும் கணக்கிட்டுக்கொள்ளும்படியான ஒரு சட்டை அணிந்தவன். "அங்கிள், செருப்பு, வாட்ச், செயின், பெல்ட் எல்லாம் கழட்டிடுங்க" என்றான். கழற்றினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அரைஞாண் வெள்ளியா, கயிறா?" என்றான். பொதுச் சபையில், காரியதரிசியின் மனைவியும் வரிசையில் நிற்கையில், நான் பிறந்தது முதல் ஏதாவதொரு வடிவில் என் இடுப்பைப் பிரியாதிருந்த அந்த ஆபரணத்தை அவிழ்த்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்தேன். இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் இந்த யந்திரத்தில் ஏறக்கூடாதாம். ஆகவே மூன்றாவது மாடியிலிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அந்த விலக்கின் பலத்தில், டபராவும் டம்ளருமாக ஒரு நாற்காலியில் சாய்ந்து, எங்கள் அத்தனை பேருடைய மானம் போவதையும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குடியிருப்பில் இன்று ஆரோக்கியத்தோடு இருப்பவர் அவர் ஒருவரே என்பது என் அபிப்பிராயம்.

யந்திரம் செய்வது யாதெனில், ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைந்த, நம் உணர்வுக்கு எட்டாத மின்சாரத்தைக் கை வழியாகவும் கால் வழியாகவும் செலுத்திப் பார்ப்பது. தண்ணீர் உள்ள இடத்தில் மின்சாரம் எளிதாகப் போகும். தசையில் தண்ணீர் அதிகம். கொழுப்பில் குறைவு, ஆகையால் அது மறிக்கும். மறிப்பின் அளவைக் கொண்டும், பையன் தட்டிக்கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்ற விவரங்களைக் கொண்டும், உடம்பில் உள்ள நீர் இவ்வளவு என்று யந்திரம் ஊகிக்கிறது. கொழுப்பு நீங்கலான சரீரத்தில் ஏறத்தாழ 73 சதவீதம் நீர் என்பது சாஸ்திரக்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்கை வைத்து நீரிலிருந்து கொழுப்பற்ற சரீரத்தை ஊகித்து, அதை மொத்த எடையிலிருந்து கழித்தால் எது மிஞ்சுகிறதோ அதற்குக் கொழுப்பு என்று பெயர். கொழுப்பை யந்திரம் கண்ணால் கண்டதும் இல்லை, கையால் தொட்டதும் இல்லை. எங்கள் இலாகாவில், வரவும் செலவும் ஒத்துவராத சந்தர்ப்பத்தில், மிச்சத்தை ஒரு சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டுப் பேரேட்டை மூடுகிற குமாஸ்தாக்கள் இருந்தார்கள். என் இடுப்பைச் சுற்றி இருப்பது அத்தகைய ஒரு சஸ்பென்ஸ் கணக்கு என்பதை அன்று அறிந்துகொண்டேன். குமாஸ்தாக்களுக்கு நான் மெமோ கொடுத்திருக்கிறேன். யந்திரத்துக்கு யார் கொடுப்பது?

இதிலே சம்பந்தி அவர்களின் ஒன்பது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அவர் வீட்டில் வைத்திருப்பது கால்களால் மட்டும் மிதிக்கும் தட்டை யந்திரம், கைப்பிடி கிடையாது. அதில் மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கிவிடும். அதாவது, வயிற்றின் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒரு மின்சாரம், வயிற்றுக்குள் குடல்களின் இடையே பதுங்கியிருக்கும் கொழுப்பைப் பற்றிச் சாட்சியம் சொல்லியிருக்கிறது. அந்தச் சாட்சியத்தை நம்பி ஒரு பெரிய மனிதர் பால் பாயசத்தை நிராகரித்திருக்கிறார். இதையெல்லாம் பந்தியிலேயே நான் அறிவேன். பெண்ணைக் கொடுத்தவன் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், மனிதனுடைய மேதஸை அளக்க வேண்டும் என்று அலைந்தவர்கள் எல்லோரும் அசடர்களும் அல்ல. 1942-ஆம் வருஷத்தில் அமெரிக்கக் கடற்படை வைத்தியரான ஆல்பர்ட் பென்கே என்பவர், மனிதர்களைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறுத்துப் பார்த்து, எடை அட்டவணையின்படி ராணுவத்துக்கு லாயக்கற்ற பருமனர்கள் என்று ஒதுக்கப்படக்கூடிய தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் உடம்பில் இருந்தது பெரும்பாலும் தசையே என்று நிரூபித்தார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பி.எம்.ஐ. கணக்கு இருக்கிறதே, அதை 1830-களில் வகுத்துக் கொடுத்த அடால்ஃப் கெட்லே ஒரு வான சாஸ்திரி. பிரஸ்ஸல்ஸில் நட்சத்திரம் பார்க்கும் கூடத்தை ஸ்தாபித்தவர். சராசரி மனிதன் என்பவன் எப்படி இருப்பான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாரே ஒழிய, யாரையும் இளைக்கச் சொல்லவில்லை. ஆன்செல் கீஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1972-இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்கள். நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மகானுபாவர் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்ததன் பலனை, ஏறத்தாழ இருநூறு வருஷம் கழித்து நான் மயிலாப்பூரில் அனுபவிக்கிறேன்.

அந்தக் கணக்கு நம்மவர் விஷயத்தில் ஏமாற்றும் என்பதும் உண்மையே. 2004-இல் 'லான்செட்' சஞ்சிகையில் புனே நகரத்து டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் தங்கள் இருவரையுமே திருஷ்டாந்தமாக வைத்து எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, இம்மி பிசகில்லை. ஆனால் இருவகை எக்ஸ்-ரே கதிர்களைக் கொண்டு எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேனில் படுத்து எழுந்தால், லண்டன் டாக்டரின் கொழுப்பு 9.1 சதவீதம், நம் புனே டாக்டரின் கொழுப்பு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே சேமிப்பு. பாரத தேசத்தாருக்குச் சேமிப்பு பழக்கம் ஜாஸ்தி என்று பொருளாதார நிபுணர்கள் புகழ்ந்தபோது இதையும் சேர்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ. இந்தக் காரணத்தினால்தான் உலகத்தார் 25-இல் பருமனாகும்போது நாம் 23-லேயே பருமனாகிவிட வேண்டும் என்று வைத்தியர்கள் விதித்திருக்கிறார்கள். ஆகவே உள்ளே பார்க்கத்தான் வேண்டும்; ஆட்சேபம் இல்லை. ஆனால் உள்ளே பார்ப்பதற்கு நேரான மார்க்கம், சரீரத்தைப் பிளந்து மேதஸைத் தனியே எடுத்துத் தராசில் வைப்பது ஒன்றே. மற்றவை யாவும் அநுமானம். பிளந்து பார்க்கச் சம்மதிக்கிற ஒருவர் பிற்பாடு பந்தியில் வந்து எண்ணைச் சொல்ல மாட்டார் என்பது அந்த மார்க்கத்தின் கூடுதல் சிறப்பு.

இவ்வளவும் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது, காகிதத்தின் அடியில் 'மெட்டபாலிக் வயது' என்று ஒரு கட்டம் போட்டு, அதில் 76 என்று அச்சடித்திருந்ததுதான்.

என் வயது முன்னமே தகராறுக்கு உட்பட்டது. ஜாதகப்படி எனக்கு 62. ஐந்து வயது நிரம்பாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்ற காரணத்தால், எங்கள் ஊர்த் தலைமையாசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஒரு வருஷத்தைக் கூட்டி, ஜூன் முதல் தேதியை என் பிறந்த தேதியாக அனுக்கிரகித்தார், அதன்படி 63. இந்த ஒரு வருஷத்தால் நான் ஒரு வருஷச் சம்பளத்தை இழந்து ஓய்வு பெற்றேன். இப்போது ஒரு யந்திரம், பையன் என் வாயைக் கேட்டுத் தட்டிய அதே 63-ஐ வாங்கிக்கொண்டு, அரை நிமிஷத்துக்குள் பதின்மூன்று வருஷ வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறது. படுத்துக் கிடக்கையில் என் உடம்பு எரிக்கும் சக்தியை ஊகித்து, இந்த அளவு எரிப்பவர்களின் சராசரி வயது இது என்று சொல்வதாம். எந்தச் சராசரி, யாருடைய சராசரி என்று கேட்டேன். "அது சாஃப்ட்வேர்ல இருக்கு அங்கிள்" என்றான்.

76 என்பதை ஒப்புக்கொள்வதென்றால் அதன் விளைவுகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் திருக்கடையூரில் சஷ்டியப்த பூர்த்தி செய்துகொண்டேன். சமையல் காண்டிராக்டருக்கு இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. யந்திரப் பிரகாரம் அன்று எனக்கு 74. எழுபதுக்குரிய பீமரத சாந்தியே தப்பிப்போன ஒரு கிழவர் அறுபதுக்குரிய கலசத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். விஜயரத சாந்தியும் போன வருஷம் எனக்குத் தெரியாமலே கழிந்துவிட்டது. சதாபிஷேகத்துக்கு நாலே வருஷம்தான் இருக்கிறது. மண்டபம் இப்போதே சொல்லிவைக்க வேண்டும். அந்தத் தலத்திலே யமனை வென்று என்றும் பதினாறாக இருக்கும்படி வரம் வாங்கிய மார்க்கண்டேயரை இந்தப் பீடத்தில் ஏற்றியிருந்தால், எனக்குப் போட்ட வட்டி விகிதத்தில் 29 என்று காட்டியிருக்கும். பிறகு அந்த ஸ்தலத்துக்கு யார் போவார்கள்?

எனக்கு அடுத்தபடி என் மனைவி ஏறினாள். அவளுக்கு 59. யந்திரம் 45 என்றது. நான் உண்ணுவதையே அவளும் உண்ணுகிறாள். அவள் செய்யும் ஒரே தேகப்பயிற்சி, நான் போகிற அறைக்கெல்லாம் பின்னாலேயே வந்து மின்விசிறியை நிறுத்துவது. இப்போது கணக்குப் பாருங்கள். எங்கள் இருவருக்கும் இடையே 31 வருஷ வித்தியாசம். சாரதா சட்டத்தின் காலத்தில், பேத்தி வயதுப் பெண்ணைக் கைப்பிடிக்கும் கிழ மாப்பிள்ளைகளை எதிர்த்துப் பத்திரிகைகளில் கண்ணீரும் கனலுமாக எழுதிய சீர்திருத்தவாதிகள் இன்று இருந்திருந்தால், திருக்கடையூரில் நான் மறுபடியும் தாலி எடுத்த கணத்தில் மண்டபத்துக்குள் புகுந்து தடுத்திருப்பார்கள். நானே அவர்கள் பக்கம் சேர்ந்திருப்பேன்.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், கணினி நிறுவனத்தில் உத்தியோகம் பார்ப்பவள், 33 வயது, வேடிக்கைக்காக ஏறினாள். 47 என்றது. ஆக, யந்திர சாஸ்திரத்தின்படி என் மகள் தன் தாயைவிட இரண்டு வயது மூத்தவள். பெற்றவள் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே பெண் பிறந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வருகிற தீபாவளிக்கு எண்ணெய் வைத்து யார் யாரை ஆசீர்வதிப்பது, யார் யாருக்கு நமஸ்காரம் செய்வது என்று அன்று மாலை நான் கேட்டதற்கு, இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் வயது வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு என்ன வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. அவருக்கு 50-க்கு மேல் வந்து, சம்பந்தி அவர்களுக்கு 48 வந்திருந்தால், அந்த வீட்டில் யார் யாரை "அப்பா" என்று கூப்பிட வேண்டும் என்ற பிரச்சினையில் நான் தலையிடுவது முறையல்ல.

பரிகாசம் இருக்கட்டும். எனக்கு வாஸ்தவமாகவே கோபம் உண்டாக்குவது அந்தத் தசமஸ்தானம். என் கொழுப்பு 31.7 சதவீதமாம். 31 என்றால் ஒரு மனிதனுடைய அபிப்பிராயம் என்று விட்டுவிடலாம். புள்ளிக்குப் பின்னால் ஏழு வந்ததும் அது வேதவாக்காகிவிடுகிறது. ஊகத்தின் மேல் ஊகமாக மூன்று அடுக்கு கட்டி, அதன் உச்சியில் ஒரு ஏழைக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். உடம்பில் நீர் வற்றிய நிலையில் ஏறினால், மறிப்பு கூடி, கொழுப்பு அதிகம் என்று காட்டும். சாப்பிட்டுவிட்டு ஏறினால் வேறொன்று காட்டும். அந்த ஏழு எந்த வேளையின் ஏழு? தணிக்கையில் இப்படி ஒரு எண்ணை எவராவது எழுதிக்கொண்டு வந்திருந்தால், மூல ஆவணம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் பூங்காவிலே ஒருவர் தமது 24.3, 24.1 ஆனதற்கு நண்பர்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன், இளநீர் வேறு, கொள்கை வேறு.

ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்கு உட்பட்டிருக்க வேண்டும், பெண்களுக்கு 80 என்று நம் தேசத்து வைத்தியர்களே ஒரு சுலபமான எல்லை சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஒரு தையற்காரரின் டேப் போதும். என் தையற்காரர் பல வருஷங்களாக அந்த ஸ்கேனை இலவசமாகச் செய்து, "பழைய அளவுதானே சார்?" என்று சபையறிய உரக்கக் கேட்டுக்கொண்டே நோட்டில் இரண்டு விரற்கடை கூட்டி எழுதிக்கொள்கிறார். தசமஸ்தானம் கிடையாது. மரியாதை உண்டு.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்தின் உபவிதிகளில் நிதியை வேறு காரியத்துக்குத் திருப்புவது சம்பந்தமாக ஒரு தெளிவான ஷரத்து இருக்கிறது. அதை எடுத்து எழுதலாம் என்று அலமாரியைத் திறந்துகொண்டிருக்கையிலே, காவலாளி ஒரு சுற்றறிக்கையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனான். வருகிற ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் யாவரும் மறு அளவை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். முன்னேற்றம் காட்டும் முதல் மூன்று பேருக்குப் பரிசாம். நிபந்தனைகள்: அளவைக்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து ஆகாரம் கூடாது, தேகப்பயிற்சி கூடாது, காபி கூடாது. நேரம் காலை ஆறரை.

காபி கூடாது என்ற வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன். காலை ஆறரை மணிக்கு, டிகாக்ஷன் இறங்குகிற வாசனை மாடிப்படி முழுவதும் நிறைந்திருக்கும் வேளையில், காபி குடிக்காமல் படியிறங்கி வரும் ஒரு வஸ்துவை அளந்து, அதற்கு என் பெயரைச் சூட்டுவார்களானால், அந்தக் கணக்குக்கு நான் ஜவாப்தாரி அல்ல. பேஸ்மேக்கர்க்காரர் மட்டும் வழக்கம்போல டம்ளரோடு வந்து உட்காருவார். ஆற்றி ஆற்றிக் குடிப்பார்.

வர இஷ்டமில்லை என்று எழுதிக் கொடுப்பதற்காகச் சுற்றறிக்கையைப் புரட்டினேன். பின்பக்கத்துப் படிவத்தை அதற்குள் என் மனைவி பூர்த்தி செய்து வைத்திருந்தாள். அவள் பெயருக்கு நேரே வயது என்ற கட்டத்தில் 45; என் பெயருக்கு நேரே 76. ஆட்சேபித்தேன். "அச்சுல வந்ததைத்தான் எழுதியிருக்கேன், நீங்கதானே எல்லாத்துக்கும் ஆவணம் கேப்பீங்க?" என்றாள். பையன் படிவத்தைப் பார்த்து 76 என்று தட்டுவான். பழைய வட்டி விகிதத்தில் யந்திரம் 89 என்று திருப்பித் தரும். மத்திய அரசு ஓய்வூதியக்காரருக்கு 80 நிறைந்தால் கூடுதலாக 20 சதவீதம், 85 நிறைந்தால் 30 சதவீதம் என்பது விதி. நவம்பர் மாதம் உயிர்ச் சான்று கொடுக்க பாங்குக்குப் போகும்போது, அந்தக் காகிதத்தையும் கையோடு எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன்.